ஒரு மீட்டர் தூரம்

நான்கு மணிக்குக் கதிர்வீச்சு அளக்கும் மீட்டரோடு வருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள், இப்போது மணி இரண்டு, அதற்குள் எவ்வளவு தண்ணீர் குடிக்க முடியுமோ அவ்வளவையும் குடித்துவிட வேண்டும் என்று சங்கரேஸ்வரி கட்டிலை விட்டு இறங்கி மறுபடி பாட்டிலைத் திறந்தாள். குடித்தால்தான் விழுங்கிய கதிரியக்க அயோடின் உடம்பை விட்டு வெளியே போகும். சிறுநீரில் போகும், வியர்வையில் போகும், எச்சிலில் போகும், போக மறுப்பது கழுத்தில் தங்கி, போன மாதம் தைராய்டு ஆபரேஷனில் எடுத்தது போக மிச்சமிருக்கும் புற்றணுக்களைத் தின்னும். திங்கட்கிழமை காலையில் ஈயச் சிமிழுக்குள் வைத்து அந்த மாத்திரையைக் கொண்டுவந்தார்கள். சாதாரண காய்ச்சல் மாத்திரை போலத்தான் இருந்தது. கொண்டுவந்த ஆள் நீளமான இடுக்கியால் எடுத்துக் காகிதக் கப்பில் போட்டார், "முழுங்கிருங்க மேடம், மெல்லக் கூடாது" என்றார், அவள் விழுங்கியதுதான் தாமதம், இரண்டடி பின்னால் நகர்ந்தார். மரியாதைக்குறைவாக ஒன்றும் இல்லை, சிரித்துக்கொண்டேதான் நகர்ந்தார். ஆனாலும் அந்த இரண்டடி அவள் மனதில் தைத்துவிட்டது. சாத்தூர்க் கல்லூரியில் பதினான்கு வருஷமாக அணுக்கரு இயற்பியல் நடத்துகிறவள் அவள். அயோடின் நூற்று முப்பத்தொன்று, ஐம்பத்து மூன்று புரோட்டான், எழுபத்தெட்டு நியூட்ரான், அரை ஆயுட்காலம் எட்டு நாள் என்று கரும்பலகையில் எழுதி எழுதிக் கை தேய்ந்தவள். சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளலாம் என்பதால் அதெல்லாம் அப்போது லேசாக இருந்தது. இப்போது அந்தக் கணக்கு அவளுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, அவளைப் பார்த்துத்தான் ஆட்கள் பின்னால் நகர்கிறார்கள். நேற்று ஒரு மீட்டர் தூரத்தில் வைத்து அளந்தபோது கதிர்வீச்சு மணிக்கு எழுபத்தொரு மைக்ரோசீவர்ட் காட்டியது. ஐம்பதுக்குக் கீழே வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இன்றைக்கு எப்படியும் நாற்பதுக்குப் பக்கத்தில் வரும். அவள் மனசுக்குள் போட்ட கணக்கு அது, அவள் கணக்கு தப்பாது. அப்புறம் அந்தப் படிவத்தை எடுப்பார்கள். படிவத்தில் இல்லை என்று எழுதியிருக்கிறது.

இல்லை என்று எழுதியது அவள் இல்லை, வீரபெருமாள். சேரும்போது கவுண்டரில் கூட்டம், அவளுக்குத் தொண்டைத் தையல் இழுத்துக்கொண்டிருந்தது, அவன்தான் பேனாவை வாங்கி மடமடவென்று நிரப்பினான். ரயில்வேயில் சிக்னல் மெக்கானிக், எழுத்து குண்டு குண்டாக, கோட்டை விட்டு நகராமல் இருக்கும். வீட்டில் பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் உண்டா என்ற கேள்விக்கு நேராக அவன் கை ஒரு கணம் நின்றது, அவள் பார்த்தாள். அன்றைக்குக் காலையில்தான் அவனுடைய அக்கா, முத்துமாரி மதினி, தாமிராவைச் சங்கரன்கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். "இப்ப வீட்ல இல்லேல்ல" என்று அவளைப் பார்க்காமலே சொல்லிவிட்டு இல்லை என்று எழுதினான். அவள் வாயைத் திறக்கவில்லை. தொண்டை வலி என்று அப்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வலி இருந்தது உண்மைதான், ஆனால் இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாத வலியா அது? ஒன்பது வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை, இரண்டு தடவை கலைந்து மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை, அவளை ஒரு காகிதத்தில் இல்லை என்று எழுத விட்டுவிட்டுப் பேசாமல் நின்றிருக்கிறாள். அந்த ஒன்பது வருஷமும் டாக்டர் ஒன்றைத்தான் சொல்வார்: ஒவ்வொரு மாசமும் புதுசும்மா, போன மாசத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. அதைக் கேட்கும்போதெல்லாம் வகுப்பில் தான் சொல்வது ஞாபகம் வரும். சிதையாமல் ஒரு வருஷம் இருந்த அணுக்கருவுக்கு வயசாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், இத்தனை நாள் பொறுத்ததே, இனிச் சீக்கிரம் சிதைந்துவிடும் என்று நினைக்காதீர்கள், இன்று பிறந்த கருவுக்கு உள்ள வாய்ப்பு எதுவோ அதுதான் அதற்கும். எது எப்போது போகும் என்று கடவுளுக்கும் தெரியாது, பாதி போகும் என்பது மட்டும் நமக்குத் தெரியும். பிள்ளைகள் தலையாட்டி எழுதிக்கொள்வார்கள். அவள் மட்டும் பலகைப் பக்கம் திரும்பி நின்று, காத்திருந்ததற்கு மதிப்பே கிடையாதா என்று நினைத்துக்கொள்வாள். பிறகு தாமிரா பிறந்தாள். தாமிரபரணிப் பேரில் ஒரு பேர் வேண்டும் என்று வீரபெருமாள் வைத்தான், அவளுக்கோ தாமிரம் என்றால் முதலில் இருபத்தொன்பது புரோட்டான்தான் ஞாபகம் வந்தது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சிரித்தாள், தையல் போட்ட வயிறு வலித்தது, சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

சுவரில் இருந்த ஸ்பீக்கர் கரகரத்தது. "மேடம், எலுமிச்ச மிட்டாய் வாயில போட்டுக்கிட்டீங்களா?" ஃபிலோமினா சிஸ்டர். இந்த மூன்று நாளில் அந்தக் குரலுக்குச் சொந்தமான முகத்தை அவள் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள், சாப்பாட்டு வண்டியைக் கதவிடுக்கு வழியாகத் தள்ளிவிட்டபோது. "போட்டுக்கிட்டேன் சிஸ்டர்." "நாலு மணிக்கு நெல்சன் சார் வருவாரு, குளிச்சி ரெடியா இருங்க. பாப்பாவப் பாக்கப் போறீங்க" என்று சொல்லி, உடனே சிஸ்டரின் குரல் தயங்கியது. "பாப்பா... அன்னைக்கி வாசல்ல உங்க வீட்டுக்காரரு போன்ல படம் காட்டுனாரே, அக்கா மகளா?" எச்சில் ஊறட்டும் என்று கொடுத்திருந்த மிட்டாயைச் சங்கரேஸ்வரி ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாள். புளிப்பு தாடையைக் கூசச் செய்தது. "ம்" என்றாள். அவ்வளவுதான், ஸ்பீக்கர் அணைந்துவிட்டது. ஒரு ம்-முக்குள் பிள்ளை இன்னொருத்தியின் பிள்ளையாகிவிட்டது. ஏன் அப்படிச் சொன்னேன்? சொல்லவில்லையே, ம் என்றுதானே சொன்னேன். வீட்டில் இரண்டே அறை, நடுவில் கதவு இல்லை, துணித் திரைதான். திரை காமாக் கதிரைத் தடுக்காது, ஈயம் தடுக்கும், கனத்த சுவர் கொஞ்சம் தடுக்கும், தூரம்தான் நன்றாகத் தடுக்கும். இரண்டு மீட்டர் போனால் நாலில் ஒரு பங்கு, மூன்று மீட்டர் போனால் ஒன்பதில் ஒரு பங்கு. அவர்கள் வீட்டின் மொத்த நீளம் ஆறு மீட்டர். கிட்டே வந்தால்? பத்து சென்டிமீட்டரில் நூறு மடங்கு. நாற்பது நாலாயிரம் ஆகும். கால் மணி நேரம் மடியில் வைத்திருந்தால் ஆயிரம். ஓர் ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு இதற்கு மேல் போகக்கூடாது என்று வைத்திருக்கும் அளவே ஆயிரம்தான். கால் மணி நேரம் ஒரு வருஷம். ஒரு முழுத் தூக்கம், எட்டு மணி நேரம், முப்பத்திரண்டு வருஷம். இதெல்லாம் சரியான கணக்கு இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும், அந்தச் சூத்திரம் புள்ளிக்குத்தான், அவள் புள்ளி இல்லை, உடம்பு, கிட்டே போகப் போகச் சூத்திரம் பொய் சொல்லும். அப்படியென்றால் குறையுமா? குறையும். எவ்வளவு? பாதி ஆகட்டும், கால்வாசி ஆகட்டும், எட்டு வருஷம். தாமிராவுக்கு வயசு இரண்டே முக்கால்.

தாமிரா அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். சில பிள்ளைகள் விரல் சூப்பும், சில சேலை முந்தியைத் திருகும், இவளுக்கு அம்மாவின் கழுத்து. உள்ளங்கையைப் பரப்பித் தொண்டைக்குழியில் வைத்துக்கொள்வாள், தூக்கம் வரவர விரல்கள் மெதுவாக அசையும், அசைவு நின்றால் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம். போன ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் அந்த விரல்கள் ஓர் இடத்தில் நின்று திரும்பத் திரும்பத் தடவின. "அம்மா, புளியங்கொட்ட" என்றாள். "எங்கடி?" "இங்க. உள்ள." அவளும் தொட்டுப் பார்த்தாள். இருந்தது. கண்ணாடியில் தெரியவில்லை, ஆனால் விரலுக்குத் தெரிந்தது. டாக்டர்கூட, நல்ல நேரத்தில் வந்தீங்க, யாரு கண்டுபிடிச்சது என்று கேட்டார். என் மகள் என்று சொல்லும்போது பெருமையாக இருந்தது, அடுத்த நிமிஷமே அழுகை வந்துவிட்டது. இப்போது அந்தக் கை வந்து படிகிற அதே இடத்தில்தான் எல்லாம் போய்த் தங்கியிருக்கிறது. மாத்திரை விழுங்குவதற்கு இரண்டு வாரம் முன்னாலிருந்து அவளுக்கு மீன் கிடையாது, பால் கிடையாது, முட்டை கிடையாது, சாப்பாட்டில் அயோடின் சேர்க்காத கல்லுப்புத்தான். கழுத்தைப் பட்டினி போட்டால்தான் அயோடினைக் கண்டதும் பாய்ந்து இழுக்கும் என்றார்கள். பட்டினி போட்டார்கள், இழுத்துக்கொண்டது. பிள்ளையின் சின்னக் கழுத்தும் அப்படித்தானே இழுக்கும், வளருகிற உடம்பு, ஆரோக்கியமான உடம்பு, நல்லது எது கெட்டது எது என்று அந்தச் சுரப்பிக்குத் தெரியாது, அயோடின் என்றால் அயோடின். அவள் தட்டில் கைவிட்டு ஒரு வாய் எடுக்கும், அவள் தம்ளரில் வாய் வைக்கும், உதட்டில் முத்தம் கொடுக்கும். ஒரு வாய் சோறு. அவ்வளவு போதும். சங்கரேஸ்வரி எழுந்து கழிப்பறைக்குப் போய், இரண்டு தடவை தண்ணீரை இழுத்துவிட்டு, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள்.

வியர்வையும் எச்சிலும் படாமலிருக்கப் பாலித்தீன் பைக்குள் போட்டு ஒட்டியிருந்த போன் அடித்தது. பைக்கு மேலேயே விரலால் தேய்த்தாள். "ஈஸ்வரி" என்றான் வீரபெருமாள். பின்னால் அழுகைச் சத்தம், அழுது முடித்து விக்கிக்கொண்டிருக்கும் சத்தம். "வந்துருவேல்ல இன்னைக்கு?" "நாலு மணிக்குத்தான் தெரியும்." "நாஞ் சொல்றேன் வந்துருவ. முத்தக்கா மருமவளுக்கு வலி எடுத்துருச்சின்னு நேத்துப் பிள்ளையக் கொண்டாந்து விட்டுட்டுப் போனாள்ல, அதுலேர்ந்து இவ சோறே திங்கல ஈஸ்வரி. வாசப்படிலயே உக்காந்திருக்கா. யாரு செருப்புச் சத்தம் கேட்டாலும் எந்திரிச்சிப் பாக்கா." அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "கேக்கியா?" "கேக்கேன்." "நீ பேசாம வந்துரு. உள் ரூம்ல இருந்துக்க. நான் இவளப் பாத்துக்கிறேன். லீவு போட்டுட்டேன்." "திரைதானங்க இருக்கு." "நான் கதவு செஞ்சு மாட்டுறேன், ஒரு மத்தியானத்துல மாட்டிரலாம். ஒன்னய ஒரு வார்த்த கேக்கேன், அந்த ஃபாரத்துல எழுதுனத மட்டும் மாத்திச் சொல்லிராத. சொன்னா விடமாட்டாங்க." கதவு மாட்டுவான், கெட்டிக்காரன், தாழ்ப்பாளும் போடுவான். தாழ்ப்பாளுக்கு இந்தப் பக்கம் அவள் இருப்பாள், அந்தப் பக்கம் தாமிரா கதவைத் தட்டுவாள். அம்மா என்று தட்டுவாள். எத்தனை தட்டு பொறுக்க முடியும்? அவளுக்கு இப்போது பயமாக இருந்தது கதிர்வீச்சை நினைத்து இல்லை, தன்னை நினைத்து. பத்தாவது தட்டில் எழுந்துவிடுவாள், கைகள் தானாகத் தாழ்ப்பாளுக்குப் போகும், ஒரு நிமிஷம் என்பாள், ஒரே ஒரு நிமிஷம், அப்புறம் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவாள், சூத்திரம் கிட்டத்தில் பொய் சொல்லும் என்பாள், கால்வாசிதான் என்பாள், படித்த படிப்பையெல்லாம் கொண்டுவந்து அந்த ஒரு நிமிஷத்துக்கு முட்டுக் கொடுப்பாள். "ஈஸ்வரி?" "சரிங்க, வைக்கேன்" என்றாள். எதற்குச் சரி என்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை. போனை வைத்த பிறகும் அந்த விக்கல் அறைக்குள்ளேயே இருந்தது.

குளித்தாள். கல்லூரியில் ஒரு பாடம் உண்டு, அவளுக்கு ரொம்பப் பிடித்த பாடம், வருஷா வருஷம் அதை நடத்தும்போது மட்டும் குறிப்பைப் பார்க்க மாட்டாள். ஐம்பத்து மூன்று புரோட்டானும் ஒன்றையொன்று தள்ளுகின்றன, எல்லாம் நேர்மின்னூட்டம், ஒட்டவே ஒட்டாது, பின்னே எப்படி இவ்வளவு சின்ன இடத்துக்குள் கிடக்கின்றன? மைதானத்து நடுவில் ஒரு கடுகு வைத்தால் மைதானம்தான் அணு, கடுகுதான் கரு, அந்தக் கடுகுக்குள் இத்தனையும். பிடித்து வைத்திருப்பது அணுக்கரு விசை, உலகத்தில் அதைவிடப் பலமான விசை கிடையாது, ஆனால் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அது உண்டு, கொஞ்சம் விலகினால் கிடையவே கிடையாது. அப்புறம் தனித்தனியாக எடை போட்டுக் கூட்டினால் வருகிற எடை, சேர்ந்திருக்கும்போது வராது, குறையும். போன வருஷம் பேச்சியம்மாள் என்று ஒரு பெண், பட்டாசு ஆபீஸ் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவள், எழுந்து, "காணாமப் போன எட எங்க மிஸ் போச்சு?" என்று கேட்டாள். அதுதான் பிடிமானமா மாறியிருக்கும்மா, திரும்பப் பிரிக்கணும்னா அதைக் கொடுத்தாத்தான் பிரிக்க முடியும் என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள், எதற்கென்று தெரியவில்லை, அவளும் சிரித்தாள். பேச்சியம்மாள் மட்டும் சிரிக்காமல், "அப்ப சேந்திருக்கணும்னா எல்லாரும் கொஞ்சம் எழக்கணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பாத்ரூமில் தண்ணீர் தலையில் விழுந்துகொண்டிருந்தபோது அந்தப் பெண்ணின் முகம் வந்தது, விரலோரம் வெடிமருந்து படிந்து மஞ்சளாக இருக்கும் அவள் கை வந்தது. எதை இழக்க? பன்னிரண்டு நாளையா, இரண்டு வாரத்தையா? சின்னப் பிள்ளை இருந்தால் அவ்வளவுதான் சொல்வார்கள், தனியாக இருங்கள் என்பார்கள். இரண்டு வாரம் என்பது பெரிய மனுஷிக்கு இரண்டு வாரம். வாசற்படியில் உட்கார்ந்து செருப்புச் சத்தம் கேட்கிறவளுக்கு எவ்வளவு? மறந்துவிடுவாளோ? இரண்டே முக்கால் வயசில் என்ன ஞாபகம் இருக்கும், அப்பா மடியில் தூங்கப் பழகிவிடுவாள், வேறு கழுத்தைப் பிடித்துக்கொள்வாள். மறக்கட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள், மறந்தாலும் உடம்பு நல்லா இருக்கட்டும். அடுத்த கணமே, ஐயோ மறந்துவிடக்கூடாதே என்று பதறினாள். துண்டை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

நெல்சன் நான்கு அடித்து ஐந்து நிமிஷம் கழித்து வந்தார். முப்பது வயசு இருக்கும், ஒல்லி, கழுத்தில் அடையாள அட்டை, சட்டைப் பையில் தன் உடம்பில் ஏறும் கதிர்வீச்சின் அளவைக் காட்டும் சின்ன வில்லை. தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "நேரா நில்லுங்க மேடம், கைய ஒட்டி வச்சுக்காதீங்க" என்றார். மீட்டர் அவள் வயிற்றுக்கு நேராக வந்தது, பிறகு கழுத்துக்கு நேராக. சத்தம் போடும் என்று நினைத்திருந்தாள், சத்தத்தை அணைத்து வைத்திருந்தார். "முப்பத்தெட்டு" என்றார், சந்தோஷமாக. "சூப்பர் மேடம். நல்லாத் தண்ணி குடிச்சிருக்கீங்க. இன்னைக்கே போயிரலாம்." அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் அட்டையில் செருகியிருந்த படிவத்தைப் புரட்டினார். "சாத்தூர். சரி. பஸ்ல போகாதீங்க, கார்ல பின் சீட்ல தனியா. வீட்ல கர்ப்பிணி யாரும் இல்ல. சின்னப் பிள்ளைங்க..." விரல் கோட்டில் ஓடி நின்றது. "இல்ல. சரியா மேடம்?" பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் அவளைப் பார்த்தார். சரி என்றால் போதும். ம் என்றால்கூடப் போதும். கார் பின் சீட்டு, ஒன்றரை மணி நேரம், தெரு முனையில் திரும்பும்போதே வாசற்படி தெரியும், எழுந்து நிற்பாள், ஓடி வருவாள், கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வருவாள். "மேடம்?" என்றார் நெல்சன். "இருக்கா" என்றாள் சங்கரேஸ்வரி. தொண்டையிலிருந்து வந்தது அவளுடைய குரல் மாதிரியே இல்லை, அதனால் இன்னொரு தடவை சொன்னாள். "பொம்பளப் பிள்ள. ரெண்டே முக்கா வயசு. எம் பிள்ளதான்." அவர் படிவத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இங்க இல்லன்னு..." "தப்பா எழுதிட்டோம். எழுதும்போதே எனக்குத் தெரியும்." அவர் திட்டுவார் என்று நினைத்தாள். அவரோ, "பின்னாடி பிளாக்குல தனி ரூம் இருக்கு மேடம். பன்னெண்டு நாள். அப்புறம் மறுபடி அளந்துட்டு அனுப்புறேன். நடந்து போகலாம், தோட்டத்துல உக்காரலாம், இந்த ரூம் மாதிரி இருக்காது" என்றார். இல்லை என்ற சொல்லை ஒரு கோடு போட்டு அடித்தார். "பேரு என்ன?" "தாமிரா." எழுதினார். "இத நீங்களே வந்து சொன்னீங்கன்னு எழுதிக்கிறேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வீரபெருமாளுக்கு அவள்தான் போன் செய்தாள். சொன்னாள். அந்தப் பக்கம் அவன் மூச்சு மட்டும் வந்தது. "கதவுக்குப் பலக வாங்கி அறுத்துக்கிட்டு இருக்கேன்" என்றான் கடைசியில். "தெரியும்." "ஒன்னய நம்பித்தானடி..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "என்னய நம்பாதீங்க" என்றாள் அவள். "நான் கதவத் தொறந்துருவேன். அதான் சொல்லிட்டேன்." மறுபடி மூச்சு. கோபமா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத மூச்சு. பிறகு அவன் தள்ளிப் போய், "பாப்பா, அம்மா" என்று கூப்பிடுவது கேட்டது, குட்டிக் கால்கள் ஓடி வருவது கேட்டது, போன் எங்கேயோ இடித்தது. "அம்மா, எங்க இருக்க?" "ஆஸ்பத்திரில கண்ணு." "வா." "வரேன். கொஞ்ச நாளாகும்." "எத்தன?" என்ன சொல்வது? பன்னிரண்டு என்றால் அவளுக்கு என்ன தெரியும். "பத்துக்கு மேல, தங்கம்" என்றாள். அந்தப் பக்கம் தாமிரா யோசித்தாள், யோசிப்பது மூக்கில் வரும் சத்தத்தில் தெரிந்தது. அப்புறம் கண்ணாமூச்சி ஆட்டத்தில் சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எண்ணுவது போல அவள் குரல் அமுங்கி வந்தது. "ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, ஒம்பது, பத்து." நின்றது. மூச்சு வாங்கியது. "வந்துட்டியா?" பாலித்தீன் உறை காதில் ஒட்டிக்கொண்டு சரசரத்தது. சங்கரேஸ்வரி இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் வரல கண்ணு" என்றாள். "இன்னொரு தடவ எண்ணு." தாமிரா எண்ண ஆரம்பித்தாள்.